ஒரு சாண் கருமண்

அவருக்கென்று ஒரு நல்ல பேர் இருந்தது. அதை அவருடைய அம்மாவும் பள்ளிக்கூட வாத்தியாரும் கூப்பிட்டதோடு சரி. சொந்தபந்தம் அத்தனை பேருக்கும் அவர் 'மெதுவா'தான். யாராவது கதவைச் சாத்தினால் "மெதுவா" என்பார். மனைவி அடுப்பிலிருந்து பாத்திரத்தை இறக்கினால் "மெதுவா" என்பார். ஒருமுறை பேருந்தில் முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டு ஓட்டுநரிடமும் அதையே சொல்லப்போக, அவர் திரும்பிப் பார்த்து, "இதுக்கு மேல மெதுவா போகணும்னா இறங்கித்தான் நடக்கணும் பெரியவரே" என்றாராம். சித்தி மகள் இதைச் சொல்லிச் சொல்லியே சிரிப்பாள். "எங்க அண்ணன் தும்மறதுக்கு முன்னாடி கூரையை ஒரு தடவ நிமிர்ந்து பாத்துக்குவாரு" என்பாள்.

சிரிக்கிற விஷயம்தான். ஆனால் அந்தச் சொல் அவர் வாயில் ஒட்டிக்கொண்ட கதை சிரிக்கிற கதை இல்லை.

கல்யாணமான புதிது. வீட்டுக்குப் பின்னால், வயலின் மூலையில் இருந்த கிணற்றில் தண்ணீர் கீழே போய்விட்டதென்று தூர் வார இறங்கினார். நல்ல வயசு, நல்ல தெம்பு. சேற்றைக் கூடையில் அள்ளி மேலே அனுப்பிக்கொண்டிருந்தபோது பக்கச் சுவர் சத்தமில்லாமல் சரிந்தது. இடிபோல விழுந்திருந்தாலாவது நகர்ந்திருப்பார். சாக்கிலிருந்து தானியம் கொட்டுகிற மாதிரி வந்து நெஞ்சு வரைக்கும் மூடிவிட்டது. மூச்சை வெளியே விட்டால் அந்த இடத்தை மண் பிடித்துக்கொண்டது. திரும்ப இழுக்க இடம் கொடுக்கவில்லை. மேலே பெரியப்பாவும், மனைவியின் அண்ணனும், அக்கம்பக்கத்து ஆட்களும் கயிறும் பலகையுமாக நின்றார்கள். மிச்சச் சுவரும் வந்துவிடக் கூடாதே என்று ஒருவருக்கொருவர் "மெதுவா... மெதுவா..." என்று சொல்லிக்கொண்டே தோண்டினார்கள். முதலில் கீழே இறங்கி அவர் அக்குளுக்குள் கயிற்றைக் கொடுத்தது மச்சான்தான். முறிந்த விலா எலும்பு நாளடைவில் கூடிக்கொண்டது. கிணற்றை மூடிவிட்டார்கள். அந்தச் சொல் மட்டும் அவரோடு மேலே ஏறி வந்துவிட்டது.

அதற்குப் பிறகு தரைமட்டத்துக்குக் கீழே அவர் கால் வைத்ததில்லை. புது அடுப்படிக்கு அஸ்திவாரம் தோண்டியபோது தெருவில் போய் நின்றுகொண்டார். மகளுக்குப் பிரசவமான ஆஸ்பத்திரியில் மருந்துக்கடை கீழ்த்தளத்தில் இருந்தது. படிக்கட்டின் தலைப்பில் நின்றபடி மாப்பிள்ளையைத்தான் அனுப்பினார். "மாமா எனக்கு மரியாதை குடுத்து முன்னால போகச் சொல்றாருன்னு நெனச்சேன்" என்று அந்தப் பையன் பிற்பாடு சொன்னான்.

அப்படிப்பட்ட மனுஷன் வீட்டுப் பக்கம்தான் கரிச் சுரங்கம் வந்தது.

பொந்து போட்டுக்கொண்டு போகிற சுரங்கம் இல்லை. மேலிருந்து மண்ணை உரித்து, படிப்படியாக வெட்டிக்கொண்டே கீழே போகிற திறந்த குழி. ஊரை ஒட்டிய மேட்டுக்கு அந்தப் பக்கம் ஏற்கெனவே ஒன்று இருந்தது. மச்சானுடைய டிராக்டரில் ஏறிப்போய் வேலிக்கு வெளியே நின்று ஒருநாள் பார்த்தார். அடியில் ஊர்ந்துகொண்டிருந்த லாரிகள் தீப்பெட்டி அளவுக்குத் தெரிந்தன. குழியின் விளிம்பில் ஒரு வீட்டின் பாதிச் சுவர் நின்றது. சுவரில் சட்டை மாட்டுகிற ஆணி இன்னும் இருந்தது. அன்றைக்கு வீட்டுக்கு வந்தவர் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டார்.

இப்போது அந்தக் குழியை மேட்டுக்கு இந்தப் பக்கமும் கொண்டுவரக் கம்பெனிக்காரர்கள் கோடு போட்டிருந்தார்கள். கோட்டுக்குள் அவருடைய வயல் முழுசாக விழுந்தது. வீடு விழவில்லை. அடுப்படிப் பின்கதவைத் திறந்தால் எதிரே வேலி, வேலிக்கு அப்பால் குழி. வீட்டை எடுத்துக்கொண்டாலாவது எங்கேயாவது போய்விடலாம். விட்டு வைத்ததுதான் அவர் ஈரக்குலையை நடுங்க வைத்தது.

தப்பிக்க ஒரே வழி இருந்தது. முதல் தரமான விளைமண் உள்ள நிலத்தை வெட்டக் கூடாது என்று ஒரு விதி. அதைப் பார்த்துத் தரம் பிரிக்கத் தனியாக ஒருவர் வருவார். அவர் முதல் தரம் என்றால் வயல் பிழைத்தது. இல்லையென்றால் போயிற்று.

"நம்ம மண்ணு முதல் தரமா?" என்று மனைவியிடம் கேட்டார்.

"இத்தனை வருஷமா அதுல வெளஞ்சதத்தான தின்னோம். செத்தா போயிட்டோம்?"

அவளுக்குப் பயமே கிடையாது என்று சொல்ல முடியாது. ரெண்டு பேரும் பயந்தால் வீட்டில் வேலை நடக்காது என்று தன் பங்கையும் அவரிடமே விட்டுவிட்டவள்.

"வெளையறது வேற. தரம் வேற. நம்ம மண்ணு பழுப்பா இருக்கு. நல்ல மண்ணுன்னா கறுப்பா இருக்கணும்ல?"

இந்தக் கேள்வி மச்சான் காதில் விழுந்ததுதான் வினை. மச்சானுக்குச் சொந்தத்தில் 'வக்கீல்' என்று பேர். படித்தது கொஞ்சம்தான், ஒரு வரப்புத் தகராறில் கோர்ட்டுக்குப் போய்ச் சாட்சி சொல்லிவிட்டு வந்தவர். அன்றிலிருந்து எதற்கும் சட்டம் சொல்லுவார். அவருடைய நிலம் சாலைக்கு மறுபக்கம், தாழ்வான இடம், கறுகறுவென்று மண். கோட்டுக்கு வெளியே இருந்தது.

"இதுக்கா மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்க? எங்கிட்ட இல்லாத கருமண்ணா? மேலாப்புல ஒரு சாண் வழிச்சுக் கொண்டாந்து பரப்பிவிடுறேன். வர்றவன் பாத்ததும் கும்பிட்டுட்டுப் போவான்."

"தப்பில்லையா மச்சான்?"

"வயலுக்கு மண்ணடிக்கறது எந்தச் சட்டத்துல தப்பு? சொல்லு பாப்போம்."

"உனக்குக் கொறஞ்சிடாதா அண்ணே?" என்றாள் தங்கை.

"மண்ணு என்ன எண்ணெயா, வழிச்சா தீர்றதுக்கு? மழை பெஞ்சா ஊறிக்கும்."

அவளுக்கு மனசு ஒப்பவில்லை. "பொண்ணு பாக்க வர்ற அன்னிக்கு மாதிரி வயலுக்கு மாவு பூசி உக்கார வைக்கறீங்க" என்று முனகினாள். மெதுவாவுக்கும் ஒப்பவில்லைதான். ஆனால் பயந்தவனுக்கு யாராவது ஏதாவது செய்தால் போதும் என்றிருக்கும். டிராக்டர் நடைநடையாகக் கருமண்ணைக் கொண்டுவந்து கொட்டியது. பரப்பி, உழுது, தண்ணீர் விட்டார்கள். ஒரே ஓர் இடத்தில் மட்டும் அவர் டிராக்டரை விடவில்லை. மூடின கிணறு இருந்த மூலையில் கை இரண்டையும் விரித்து வழிமறித்து, "மெதுவா மெதுவா, இங்க வேணாம் மச்சான், பாரம் தாங்காது" என்றார். அந்த மூலை பழைய பழுப்பிலேயே புல் மண்டிக் கிடந்தது.

மண் பார்க்க வந்தது ஒரு பெண். நடுவயசு, தலையில் தொப்பி, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். திருகித் திருகித் தரைக்குள் இறக்குகிற நீளமான இரும்புக் கம்பி ஒன்றைத் தோளில் சாத்திக்கொண்டு ஜீப்பிலிருந்து இறங்கினாள். கம்பியை இறக்குவாள், கொஞ்சம் மண்ணோடு மேலே இழுப்பாள், பிளாஸ்டிக் விரிப்பில் வரிசை கலையாமல் வைப்பாள், மறுபடி அதே துளையில் இறக்குவாள். பிறகு ஒரு சிட்டிகை மண்ணில் தண்ணீர் விட்டுப் பிசைந்து, கட்டைவிரலால் தள்ளித் தள்ளி நாடா மாதிரி நீட்டுவாள். எவ்வளவு நீளத்தில் அறுகிறது என்று பார்ப்பாள். காதருகே கொண்டுபோய்த் தேய்த்தும் கேட்பாள்.

எக்ஸ்ரே பார்க்கிற டாக்டர் முகத்தை நோயாளி பார்க்கிற மாதிரி 'மெதுவா' அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முதல் துளையில் அவள் முகம் மாறியது. கத்தியை எடுத்து, விரிப்பில் கிடந்த மண்ணை நீளவாக்கில் கீறினாள். முகர்ந்தாள். எழுந்து வயலின் நடுவுக்குப் போனாள், அங்கேயும் கீறினாள். எதிர் வரப்புக்குப் போனாள்.

"இங்க எப்பவாவது வெளிமண்ணு கொண்டுவந்து கொட்டினீங்களா ஐயா?"

அவர் வாயைத் திறப்பதற்குள் வக்கீல் முந்திக்கொண்டார். "இல்லீங்க மேடம். தாத்தன் காலத்து மண்ணு. மூத்திரத்தத் தவிர வேற எதுவும் வெளிய இருந்து வரல."

அவள் சிரிக்கவில்லை. விரிப்பைக் காட்டினாள். மேலே கறுப்பு, கீழே பழுப்பு. நடுவில் கத்தியால் வெட்டின மாதிரி ஒரு கோடு.

"தன்னால உண்டான மண்ணு மேல இருந்து கீழ போகப் போகக் கொஞ்சங் கொஞ்சமாத்தான் நிறம் மாறும். இது பட்டுனு மாறுது. ஒண்ணு, மேல கொட்டியிருக்கணும். இல்லன்னா இந்த நிலத்தையே முன்ன ஒருதரம் தோண்டி மூடியிருக்கணும். எதுன்னு தெரியாத வரைக்கும் கலைஞ்ச நிலம்னுதான் நான் எழுத முடியும். கலைஞ்ச நிலத்துக்கு முதல் தரம் கிடையாதுங்க ஐயா."



"பக்கத்துல வேலை இருக்கு. நாளைக்குக் காலையில இந்த வழியாத்தான் போவேன். ஏதாவது ஞாபகம் வந்தா சொல்லுங்க" என்று கம்பியைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

சாயங்காலம் அடுப்படியில் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள். டீ ஆறிக்கொண்டிருந்தது.

"ஒண்ணும் சொல்லாத மாப்ளே" என்றார் வக்கீல். "சொன்னா ஏமாத்து கேஸு. உள்ள போட்டுடுவாங்க. ஜெயிலுன்னா என்னன்னு தெரியுமா? சில எடத்துல தரைக்குக் கீழயாம்."

மெதுவா எழுந்து போய்ப் பின்கதவைத் தாழ் போட்டுவிட்டு வந்தார்.

"அண்ணே, நீ சாட்சி சொல்லப் போன எடத்துல தூங்கிட்டு, சேவகன் வந்து எழுப்பிவிட்டதா அண்ணி சொன்னாங்க. நீ கேசப் பத்திப் பேசாத" என்றாள் தங்கை. பிறகு புருஷன் பக்கம் திரும்பினாள். "ஏங்க, சொன்னா என்ன ஆகும்னு தெரியாது. சொல்லலன்னா என்ன ஆகும்னு தெரியும். அந்தப் பின்கதவத் தொறந்து பாத்துக்குங்க."

"என் பேரு மட்டும் வந்துது, தங்கச்சி வீடுன்னு பாக்க மாட்டேன்" என்று வக்கீல் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

காலையில் ஜீப் சத்தம் கேட்டதுமே மெதுவா வரப்புக்கு வந்து நின்றார். கொட்டியதைச் சொன்னார். சொல்லும்போது அவள் பூட்ஸைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார். எவ்வளவு என்று கேட்டதற்குக் கையை விரித்து ஒரு சாண் காட்டினார். எங்கிருந்து என்று கேட்டாள். சாலையைப் பார்த்தார், மச்சான் வரவில்லை. அக்குளுக்குள் கயிறு நுழைந்த இடம் இப்போதும் கூசுவது போலிருந்தது.

"மச்சான் நெலத்துல வழிச்சதுங்க. ரோட்டுக்கு அந்தாண்ட" என்றார்.

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

"வாய் வார்த்தைய வச்சு எழுதினா மேலிடத்துல ஒத்துக்க மாட்டாங்க ஐயா. கொட்டாத எடம்னு ஒண்ணு இருந்தா, அங்க நெஞ்சளவு குழி வெட்டிச் சுவரைப் பாக்கணும். கம்பியில வர்ற மண்ணு உடைஞ்சு வருது. வேர் எதுவரைக்கும் போகுது, மண்ணு எப்படி மாறுதுன்னு குழியிலதான் தெரியும். அப்படி எடம் இருக்கா?"

இருந்தது. வேறு எங்கே இருக்கும்?

அந்த மூலையைக் காட்ட அவர் கை எழும்பவே இல்லை. மனைவிதான் காட்டினாள். ஜீப்பில் வந்திருந்த கூலியாள் மண்வெட்டியோடு புல்லை விலக்கிக்கொண்டு போனார். மூடின கிணறு பக்கத்தில் இருக்கிறது என்று கேள்விப்பட்டதும் மண்வெட்டியைத் தரையில் சாத்தினார். "மேடம், எனக்கும் பொண்டாட்டி புள்ளைங்க இருக்கு" என்றார். கிணற்று விளிம்பிலிருந்து நன்றாகத் தள்ளித்தான் அவள் குழிக்கு அளந்து குச்சி நட்டாள். ஆள் மசியவில்லை.

"வேற ஆள் வர வாரக்கணக்கு ஆகும். அதுக்குள்ள நான் எழுதிக் குடுத்தாகணும்" என்றாள்.

மெதுவா அந்த மண்வெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் அதை எடுத்தது அவருக்கே தெரியாது என்றுதான் மனைவி பிற்பாடு சொல்லுவாள். எடுத்தார், புல்லைச் செதுக்கினார், கணுக்கால் ஆழம் வரை வெறும் தோட்டவேலை மாதிரிதான் இருந்தது. முழங்கால் ஆழத்தில் சத்தம் மாறியது. வெளியே இருக்கும்போது மண்வெட்டிச் சத்தம் காற்றோடு போய்விடும். உள்ளே வந்தால் திரும்பி வந்து காதில் விழும். இடுப்பு ஆழத்தில் மண்ணின் குளிர் கால்வழியே ஏறியது. ஒவ்வொரு வெட்டுக்கும் நின்று நாலு பக்கச் சுவரையும் பார்த்தார். ஓரத்திலிருந்து ஒரு கட்டி உருண்டு பாதத்தில் விழுந்தபோது மூச்சு அப்படியே நின்றுவிட்டது. வெளியே விட்டால் திரும்ப இழுக்க இடம் இருக்காது என்று உடம்பு நினைத்துக்கொண்டது.

மண்வெட்டி அசையவில்லை. மேலே கூலியாள் வேறு பக்கம் பார்த்தார்.

மனைவி குழியின் ஓரத்தில் வந்து குந்தினாள். இத்தனை வருஷமாக அவர் அந்தச் சொல்லைச் சொல்லும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவள். "மெதுவா" என்றாள். "மெதுவா... அவசரமில்ல. மெதுவா."

மூச்சு வெளியே போயிற்று. மண் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளவில்லை. சுவர் இருந்த இடத்திலேயே இருந்தது. அவர் அடுத்த வெட்டு வெட்டினார்.

நெஞ்சளவு வந்ததும் மண் பார்க்கிறவள் கத்தியோடு உள்ளே குதித்தாள். சுவரைச் செதுக்கிச் சுத்தமாக்கினாள். மேலே அடர்ந்த பழுப்பு. கீழே போகப் போக, எங்கே மாறியது என்று விரல் வைத்துச் சொல்ல முடியாதபடி வெளிறிக்கொண்டே போனது. தலைமுடி போன்ற வேர்கள் அவர் முழங்கால் உயரம் வரை இறங்கியிருந்தன. மண்புழு போன துளைகளில் மேல்மண்ணின் அடர்ந்த பழுப்பு வழிந்திருந்தது.

"எவ்வளவு அழகா இருக்கு பாருங்க ஐயா."

"அழகெல்லாம் மேல போய்ப் பேசிக்கலாங்க மேடம்" என்றார் அவர், பல் தந்தியடிக்க.

அவள் அப்போதுதான் முதல்முறையாகச் சிரித்தாள். மேலே வந்ததும் கையைக் கழுவிக்கொண்டே சொன்னாள். "உங்க மண்ணு நல்ல மண்ணுங்க. வயல்ல கொட்டினதுக்குக் கீழயும் இதே மண்ணுதான் கலையாம இருக்கு. மேல எதையும் கொட்டாம விட்டிருந்தா நேத்தே சொல்லியிருப்பேன்."

வயல் பிழைத்தது. முதல் தரம் என்று வந்தது, கோட்டை அழித்தார்கள். மெதுவா பின்கதவைத் திறந்து வைத்து அடுப்படியில் உட்கார்ந்து இரண்டு தட்டுச் சாப்பிட்டார்.

ஆனால் கரி பூமிக்கடியில் நின்ற இடத்திலேயேதானே இருக்கிறது? இந்தப் பக்கம் அழித்த கோட்டைக் கம்பெனிக்காரர்கள் அந்தப் பக்கம் இழுத்தார்கள். சாலையைத் தாண்டி, வக்கீல் நிலத்துக்கு. அங்கேயும் மண் பார்த்தார்கள். மேல்மண்ணே இல்லை. வழித்த இடத்தில் கட்டிக் களிமண் வெயிலில் வெடித்துக் கிடந்தது. ஊறிக்கொள்ளும் என்று சொன்ன மண் ஊறவில்லை. தரமில்லாத நிலம் என்று எழுதிவிட்டார்கள்.

தான் வாய் திறந்து அந்த நிலத்தைக் காட்டிக் கொடுத்ததால் போயிற்றா, சொல்லாமல் இருந்திருந்தாலும் போயிருக்குமா என்று மெதுவாவுக்குத் தெரியவில்லை. மனைவியிடம் கேட்டார். அவள் அண்ணன் நிலம். அவள் வெகுநேரம் பாத்திரத்தைத் தேய்த்தாள். "வழிச்சது அவரு கைதான். ஆனா நீங்க எங்கிட்ட இதக் கேக்காதீங்க" என்றாள்.

இப்போது மதியம் தவறாமல் சாலைக்கு மறுபக்கம் வெடி வைக்கிறார்கள். அலமாரியில் தட்டுகள் கிணுகிணுக்கின்றன. நிலம் போன பிறகு வக்கீல் டிராக்டரை இங்கேயே கொண்டுவந்து நிறுத்திவிட்டார். உழுகிறார், உருளைக்கிழங்கு தோண்டுகிறார். கறுப்பும் பழுப்பும் உழவில் கலந்துவிட்டன. சில நேரம் ஒரு கைப்பிடி அள்ளி, "இது என் மண்ணு" என்று விரலால் பிரித்துப் பார்ப்பார். பிரியாது. கீழே போட்டுவிடுவார்.

அந்த மண் எங்கிருந்து வந்ததென்று சொன்னது யார் என்று அவர் இதுவரை கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவதென்று மெதுவா முடிவு செய்து வைத்திருக்கிறார். நெஞ்சளவு குழியில் நின்றவருக்கு அதைச் சொல்ல முடியாதா என்ன? ஆனாலும் ஒவ்வொரு நாளும் அடுத்த வரிசையில் குனிந்திருக்கும் மச்சான் நிமிர்ந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, "மாப்ளே" என்று கூப்பிடும்போது அவருக்கு மூச்சு நின்றுவிடுகிறது.

"என்ன மச்சான்?"

"அந்தத் தண்ணிய இப்படிக் குடு."